கொல்லிமலைக்கு இன்னும் கூட்டம் வேண்டுமா? ஆளுக்கு இரண்டாயிரம் கேட்கிறார்கள்

மிளகுக்கொடி
ஆடிக் கூட்டம் இறங்கிப் பத்து நாள் ஆகிறது. நேற்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு கூட்டம் போட்டார்கள். அறை வாடகைக்கு விடுகிறவர்கள், கடைக்காரர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் என்று முப்பது பேர் இருக்கும். ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, யூடியூப்காரர்கள் நாலைந்து பேரை மேலே வரவழைத்து, இரண்டு நாள் தங்கவைத்துச் சோறு போட்டு வீடியோ எடுக்கச் சொல்வது என்று பேச்சு. ஏற்காட்டுக்குப் போகிற கூட்டத்தில் கால்வாசி இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஏக்கர், சில்வர் ஓக் மரத்தில் மிளகு, நடுவில் காப்பி. வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறேன். மிளகுக் கொடியெல்லாம் வாடல் நோயில் பட்டுப்போன ஒரு வருடம், என் பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்டியது அந்த இரண்டு அறைதான். அதனால் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஆடிப் பதினெட்டு அன்று சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. மலைமேல் செம்மேட்டில் ஊசி போட்டு உடனே நாமக்கல் கொண்டுபோகச் சொன்னார்கள். இறங்குகிற வழியில் ஒரு வளைவில் வெளியூர் வேன் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் பைக், பின்னால் கார். ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் நகரவில்லை. சித்தப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடம் சித்தி ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாயிரத்தைக் கொடுக்கவா, வேண்டாமா? மலைக்காரர்கள், வந்து போகிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

டாப்கியர்_சேலம்
அண்ணே, விளம்பரமே வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. தமிழ்நாட்டில் பைக் வைத்திருக்கிற எவனுக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நான் மாதம் ஒரு முறை ஏறுகிறேன். அடிவாரத்தில் காரவள்ளியில் ஒரு டீ, மேலே செம்மேட்டில் ஒரு பரோட்டா, இறங்கிவிடுவேன்.

பலாச்சுளை
ஒரு டீ, ஒரு பரோட்டா. மாவும் கீழேயிருந்து வருவது, டீத்தூளும் கீழேயிருந்து வருவது. இதில் மலைக்கு என்ன கிடைத்தது என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

டாப்கியர்_சேலம்
அக்கா, அது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

பலாச்சுளை
அடி இல்லை தம்பி, கணக்கு. நான் சோளக்காட்டுப் பக்கம் ரோட்டோரம் பழக்கடை போட்டிருக்கிறேன். மிளகுக்கொடி அண்ணன் கேட்டதற்கு என் பதில்: கொடுங்கள். கூட்டம் வரட்டும்.

காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு பலாமரம். மாமனார் காலத்தில் கீழேயிருந்து வியாபாரி வந்து, பிஞ்சு விடும்போதே மரத்தை மொத்தமாகப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். காய் எத்தனை, எடை எவ்வளவு என்று கணக்கே கிடையாது. பிரித்துப் பார்த்தால் ஒரு பழத்துக்கு முப்பது, நாற்பது ரூபாய்தான் எங்களுக்கு நின்றது. இப்போது அதே பழத்தைக் கார்க்காரர்கள் நூற்றைம்பதுக்குக் கேட்டு வாங்குகிறார்கள். அறுத்துச் சுளையாகக் கொடுத்தால் இன்னும் கூட. அன்னாசியும் அப்படியே. மலைவாழைத் தார் வாங்கிக் காரின் மேலே கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கையில் காசு இருக்கிறது, வீட்டுக்காரர் கையை எதிர்பார்க்க வேண்டாம். கூட்டம் குறைந்தால் மறுபடியும் அந்த வியாபாரியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அமைதி வேண்டும் அமைதி வேண்டும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிறவர்களாக இருக்கிறார்கள்.

ஞாயிறு_பயணி (சென்னை)
சம்பளம் வாங்குகிறவன் வந்திருக்கிறேன். :) இரண்டு முறை குடும்பத்தோடு வந்தோம். அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரம் படிக்கு மேல். இறங்கும்போது பாட்டு, ஏறும்போது மூச்சு. அருவி அருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அடியில் பாறை இடுக்கெல்லாம் பாட்டில் சில்லு. என் பையன் செருப்பைக் கழற்றவே விடவில்லை நான்.

அங்கங்கே முடவாட்டுக்கால் சூப் விற்றார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு அதைக் குடிக்கவே என் மைத்துனன் வந்தான். மூட்டுவலி போகும் என்றார்கள். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, மூட்டுவலி எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. சூப் நன்றாகத்தான் இருந்தது.

மிளகுக்கொடி
சார், அந்த சூப்பைப் பற்றிச் சொன்னீர்கள், நல்லதாகப் போயிற்று. என் தயக்கத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

முடவாட்டுக்கால் கிழங்கு என்று பெயர், ஆனால் அது மண்ணுக்குள் விளைகிற கிழங்கு இல்லை. ஒரு வகைப் பெரணி. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்கிற அதன் தண்டைத்தான் கிழங்கு என்கிறோம். மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் மூடியிருக்கும், தொட்டால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்தால் உள்ளே பச்சையாக வரும். அப்பாயி காலத்தில் யாருக்காவது முட்டி வீங்கினால் பாறைக்குப் போய், படர்ந்ததில் நுனிப் பக்கம் ஒரு சாண் மட்டும் ஒடித்து வருவார். வேரோடு பெயர்த்தால் பாறை மொட்டையாகிவிடும், அடுத்த வருடம் யார் தருவார் என்பார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு கொதி. அவ்வளவுதான்.

பிறகு யாரோ ஒருவர் வீடியோ போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர். இப்போது சேலம், ஏற்காடு, சென்னை வரை கூறு கட்டி விற்கிறார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. சின்ன வயதில் அதன் முகம் முழுக்க இந்தப் பெரணி. மழைக்காலத்தில் பச்சைப் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். போன மாதம் பார்த்தேன், கடப்பாரை பட்ட வெள்ளைக் கோடுகள்தான் இருக்கின்றன. பெயர்த்தவன் வெளியூர்க்காரன் இல்லை. என் பங்காளி மகன்தான். கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

நாங்கள் காசு கொடுத்துக் கூப்பிடாமலே ஒரு வீடியோ இவ்வளவு செய்தது. காசு கொடுத்துக் கூப்பிட்டால்?

ஓய்வுபெற்ற வாத்தியார்
நான் மலைக்காரன் இல்லை, சேந்தமங்கலத்துக்காரன். ஆனால் 1990களில் பல வருடம் வளப்பூர் நாட்டில் வேலை பார்த்தவன். (வெளியூர் நண்பர்களுக்கு: கொல்லிமலை நாடு நாடாகப் பிரிந்தது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு என்று போகும். மக்கள் தங்களை மலையாளி என்பார்கள். கேரளாவா என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது.)

இந்த மலைக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. நான் மேலே போனபோது சரிவெல்லாம் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. அப்புறம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏறியது. கீழே சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி ஆலைகள், கைமேல் காசு. அதிகப் பாடுமில்லை. சாமை வயல்கள் கண் முன்னால் குச்சிக்காடு ஆயின. விலை நன்றாக இருந்த வருடங்களில் ஓட்டு வீடு மாடி வீடானது, பைக் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலையை முடிவு செய்தது கீழே உட்கார்ந்திருந்தவர்கள். விழுந்தபோது மலைக்காரன் கையில் வேறு பயிர் இல்லை. சாமை விதை தேடி வீடு வீடாக அலைந்த கதையும் பார்த்தேன்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் காலத்திலிருந்து இங்கே சிறுதானியத்துக்காக வேலை செய்கிறது. அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது சின்ன அரவை இயந்திரம்தான். சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. சாமையை விட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை, உலக்கையும் காரணம். இது பட்டணத்தில் சிறுதானியப் பெருமை பேசுகிறவர்களுக்குத் தெரியாது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோதும் உலக்கையைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலாவும் ஒரு குச்சிக்கிழங்குதான். நடலாம். சரிவு முழுக்க நடாதீர்கள்.

டாப்கியர்_சேலம்
வாத்தியார் ஐயா, கொல்லிப்பாவையை விட்டுவிட்டீர்களே. வருகிறவர்களைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்பார்களே, அதுதான் அந்தக் கால இ-பாஸ்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
ஹா! இந்த மலையை ஆண்ட ஓரி கூடக் கடையெழு வள்ளல்களில் ஒருவன், வந்தவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன். ஒரே மலையில் அள்ளிக் கொடுக்க ஒருவன், ஆளை அடிக்க ஒருத்தி. இந்த இழையில் நடக்கிற சண்டை அப்போதே இருந்திருக்கிறது.

கோத்தகிரி_மூடுபனி
இ-பாஸ் என்றதும் உள்ளே வருகிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, யார் கேட்டாலும் கிடைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு போட்டார்கள்: நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு. ஊட்டியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் வண்டி என்பது கட்டுப்படுத்திய பிறகு. அந்த நிலைக்கு வந்தபிறகு யார் நினைத்தாலும் சுலபமாகத் திரும்ப முடியாது. எங்கள் பக்கம் சீசனில் பால் வாங்கப் போகிறவன் கூட நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறான். விடுதிக்காரர், ஓட்டுநர், சாக்லேட் கடை, வர்க்கி அடுப்பு எல்லாம் கூட்டத்தை நம்பி நிற்கிறது. குறைத்தால் அவர்கள் வயிற்றில் அடி, குறைக்காவிட்டால் எல்லோர் கழுத்திலும் கயிறு. உங்களுக்கு இன்னும் அந்தச் சிக்கல் முழுசாக வரவில்லை. இப்போது பேசுவதுதான் புத்தி.

பலாச்சுளை
ஊட்டியோடு எங்களை ஒப்பிடுவது எப்படி? எங்களுக்கு வருடத்தில் ஆடி இரண்டு நாள், பொங்கல், நீண்ட விடுமுறை. மற்ற நாளில் செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், என் கடை முன்னால் குரங்கு மட்டும்தான் நிற்கும்.

கோத்தகிரி_மூடுபனி
அக்கா, அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது கூட்டம் இல்லை, செவ்வாய்க்கிழமை.

பலாச்சுளை
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோட்டயத்துத் தமிழன்
நான் வேலை பார்ப்பது கேரளாவில், குமரகத்துக்குப் பக்கம். அங்கே 2008 வாக்கில் பொறுப்புச் சுற்றுலா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அடிப்படை ரொம்ப எளிது: காயல் ஓரத்துப் பெரிய விடுதிகள் காய்கறி, கீரை, மீன், தேங்காயை உள்ளூரிலேயே வாங்க வேண்டும். குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகப் பயிர் செய்து கொடுப்பார்கள். அது ஓடியது, பின்னால் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஓலை பின்னுவது, கயிறு திரிப்பது, வலை வீசுவது எல்லாம் காட்டுவதற்கும் காசு. நம் ஆள் இதைப் பார்த்தால் ‘இதற்கெல்லாமா காசு’ என்பான், ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் தென்னை ஓலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மிளகுக்கொடி
குமரகத்தில் வாங்குவதற்குப் பெரிய விடுதி இருக்கிறது. இங்கே இரண்டு அறை, நாலு அறைக்காரர்கள்தான் அதிகம். எங்கள் விளைச்சலை நாங்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். :)

ஆனால் எனக்கும் அறைத் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு இணையப் பதிவு நிறுவனத்தில் என் இரண்டு அறையையும் சேர்த்தேன். (பெயர் வேண்டாம்.) வாடகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொண்டார்கள், அதோடு என்னைக் கேட்காமலே சலுகை விலை போட்டார்கள். ஒரு ஜோடி வந்தது, ‘நீச்சல் குளம் எங்கே’ என்றது. பக்கத்து ஊர் விடுதியின் படத்தை என் பெயரில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ஓடைக்குக் கூட்டிப்போனேன். அட்டை கடித்தது. ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

டாப்கியர்_சேலம்
அட்டைக்கு ஒரு நட்சத்திரம், ஓடைக்கு எத்தனை?

நெறியாளர்
அறை வாடகை விளம்பரமாக வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கைபேசி எண் போடாதீர்கள். மற்றபடி தொடருங்கள், நன்றாகப் போகிறது.

ஞாயிறு_பயணி (சென்னை)
ஒன்று சொல்ல விட்டுப்போனது. இரண்டாம் முறை வந்தபோது அம்மாவையும் அழைத்து வந்தேன். அவரால் படி இறங்க முடியாது, கோயில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நாக்குத் தள்ள ஏறி வந்து பார்த்தால், ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பழைய சினேகிதிகள் மாதிரி. பாட்டி மடியிலிருந்து மிளகு எடுத்துக் கொடுத்தாராம், அரைக் கிலோ. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தபோதுதான் தெரிந்தது. நாங்கள் இதுவரை கடையில் வாங்கியது வெறும் கறுப்புக் குண்டு. அந்த டப்பா நான்கு மாதம் வந்தது. தீர்ந்ததும் மறுபடி வாங்கலாம் என்றால் யாரைக் கேட்பது? பாட்டியின் பெயர்கூட அம்மா கேட்டு வைக்கவில்லை.

அதாவது எங்களுக்கு அருவியைக் காட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. அந்த மிளகை வாங்க ஒரு வழி இல்லை.

மிளகுக்கொடி
சார், இரண்டு நாளாக என் மண்டையில் சுற்றிக்கொண்டிருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆட்களை மேலே கூப்பிடப் போடுகிற காசை, பொருளைக் கீழே அனுப்பப் போட்டால் என்ன? முப்பது பேர், ஆளுக்கு இரண்டாயிரம், அறுபதாயிரம். மிளகு, காப்பிக்கொட்டை, சாமை அரிசி, தேன். பொட்டலம் கட்டப் பெண்கள் குழு. வளைவு அடைக்காது, பாட்டில் விழாது, ஆம்புலன்ஸ் நிற்காது.

பலாச்சுளை
பலாப்பழத்தையும் கூரியரில் அனுப்புவீர்களா அண்ணே?

மிளகுக்கொடி
...

பலாச்சுளை
கோபமாகக் கேட்கவில்லை. மிளகு இருக்கிறவருக்கு அது நல்ல யோசனை. மிளகு வைத்திருப்பவருக்கு நிலம் இருக்கிறது. எனக்கு இருப்பது பதினோரு மரமும் ரோட்டோரத்தில் எட்டடி இடமும். ஜீப் ஓட்டுகிற பையனுக்கு அதுகூட இல்லை. அவனைக் கூரியரில் அனுப்ப முடியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்
இந்த அம்மாள் சொல்வது சரி. நானும் இதை யோசிக்கவில்லை. பேச்சு ‘கூப்பிடுவதா வேண்டாமா’ என்றே போகிறது. கூப்பிடாமலே வந்துகொண்டுதான் இருப்பார்கள், 70 வளைவு ரோட்டைச் சுருட்டி வைக்க முடியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. அருவியைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆடியில் வருவான், குளிப்பான், போவான். மிளகு பறிப்பைச் சொல்லிக் கூப்பிட்டால் தை மாசியில் வருவான், இரவு தங்குவான், வாங்கிக்கொண்டு போவான். ஆடியில் வருகிறவனை இன்னும் கூட்டாதீர்கள். கூட்டம் இல்லாத மாதத்துக்குச் செலவு செய்யுங்கள்.

கோத்தகிரி_மூடுபனி
+1. அப்புறம் வீடியோ எடுக்க வருகிறவனிடம் இரண்டு விஷயம் முன்பே பேசிவிடுங்கள். அந்த முடவாட்டுக்கால் கிழங்கைக் காட்டக்கூடாது. யாரும் போகாத ஓடை, பாறை இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்கக்கூடாது. எங்கள் பக்கம் ஒரு புல்வெளியை அப்படித்தான் இழந்தோம். ஆறு மாதத்தில் மண் பாதையாகிவிட்டது.

மிளகுக்கொடி
அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்கிறேன். அடிக்க வராமல் இருந்தால் இங்கே வந்து எழுதுகிறேன்.

*(ஐந்து மாதம் கழித்து)*

மிளகுக்கொடி
பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சொன்ன சொல்லுக்காக வந்தேன்.

இரண்டாயிரம் கொடுத்தேன். கூட்டத்தில் பேசினேன், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள்: ஆடிக்கு இல்லை, தை மாதம் மட்டும். கிழங்கு கிடையாது. வந்தது நாலைந்து பேர் இல்லை, ஒரே ஒரு பையன், கூடக் கேமராவுக்கு ஒருவன். என் தோட்டத்தில் ஒரு பகல் முழுக்க எடுத்தார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் பை கட்டி, சரம் சரமாகப் பறித்துக் காட்டினேன். அந்தப் பையனும் ஏறினான், நாலாவது கணுவில் கால் நடுங்கி அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டான். இறக்கிவிட்டோம். களத்தில் அம்மா காலால் மிதித்து மணி உதிர்த்தார். பச்சை மணி நாலைந்து நாள் வெயிலில் சுருங்கிக் கறுப்பாவது வரை காட்ட வேண்டும் என்றான், அதற்கு முந்தைய வாரம் காய்ந்ததைப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டான். நல்ல பையன். சாமைச் சோறு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

வீடியோ போன வாரம் வந்தது. தலைப்பு: ‘70 வளைவு!! திகில் மலைப் பயணம்!!’ பதினெட்டு நிமிடத்தில் பதினோரு நிமிடம் வளைவுதான். போன் போட்டுக் கேட்டேன். ‘அண்ணா, மிளகு என்று தலைப்பு வைத்தால் யாரும் தொட மாட்டார்கள்’ என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு. ஆனால் கிழங்கைக் காட்டவில்லை, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். கடைசி ஏழு நிமிடம் பார்த்தவர்களில் பத்து பேர் மிளகு கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆறு பேருக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு பயணி சார், உங்களுக்கு ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் முகவரி கொடுங்கள்.

ஞாயிறு_பயணி (சென்னை)
அனுப்ப வேண்டாம் அண்ணே. அம்மா நேரில் வர வேண்டும் என்கிறார், அந்தப் பாட்டியைத் தேட வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை வருகிறோம்.

பலாச்சுளை
நானும் வீடியோ பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் என் கடை பின்னால் தெரிகிறது. நேற்று நாமக்கல்லிலிருந்து இரண்டு பேர் போனில் அதைக் காட்டிக்கொண்டே வந்து, ‘இந்தக் கடைதானே, பலாப்பழம் கொடுங்கள்’ என்றார்கள். தை மாதத்தில் பலாவுக்கு எங்கே போவேன். சித்திரையில் வாங்க என்று சொல்லி, ஆளுக்கு ஒரு சீப்பு மலைவாழை கொடுத்து அனுப்பினேன்.